சிப்பாய் வேடம் கட்ட ஆசை: எங்கிருந்து ஆரம்பிப்பது? (கடலூர், புதுச்சேரி நண்பர்கள் வரவும்)

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது, வீடு மஞ்சக்குப்பத்தில். பழைய போர்களை அந்தக் காலத்து உடுப்பு, ஆயுதத்தோடு மறுபடியும் நடத்திக் காட்டுகிறார்களே, அந்தப் போர் மறுநிகழ்த்தலைப் பற்றி ஒரு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் சீல்டு நாட் என்ற அமைப்பு 1968 முதல் அவர்கள் உள்நாட்டுப் போரை நடத்திக் காட்டுகிறது. 2015இல் வாட்டர்லூ போரின் 200ஆம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் பெல்ஜியத்தில் கூடினார்கள். அந்த வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் தேவனாம்பட்டினம்தான் நினைவுக்கு வரும். செயின்ட் டேவிட் கோட்டை இருந்த ஊர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனிக்குத் தலைமை இடமாக ஆன ஊர். இங்கே ஏன் யாரும் செய்வதில்லை?

நான் தனி ஆள்தான். சிவப்புக் கோட்டு போட்ட கும்பெனி அதிகாரி வேடம் கட்ட ஆசை. பழைய மாதிரித் துப்பாக்கி எங்கே வாங்கலாம், கோட்டுக்கு எவ்வளவு ஆகும், குறைந்தது எத்தனை பேர் வேண்டும்? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

*

முதுநகர்வாசி எழுதியது:

தம்பி, ரொம்ப சந்தோஷம். கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவன் நான். இந்த ஊர் மண்ணில் என்ன நடந்தது என்று கேட்டு ஒரு சின்ன வயதுக்காரர் வந்திருப்பதே எனக்குப் பெரிய விஷயம்.

துப்பாக்கியையும் கோட்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த வருடம், எந்த நாள், யாராக நிற்கப் போகிறோம், இந்த மூன்றையும் முதலில் முடிவு செய்ய வேண்டும். கடலூரில் நீங்கள் எடுத்துக்கொள்ள நாள் நிறைய இருக்கிறது. 1690இல் மராட்டியரிடமிருந்து கும்பெனி கோட்டையை விலைக்கு வாங்கியது, கூடவே கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களையும். குண்டு கிராமங்கள் என்ற பேச்சு அப்படி வந்ததுதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார். 1783 ஜூன் 13இல் முதுநகரைச் சுற்றி நடந்தது பெரிய சண்டை. உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, ஊருக்குத் தெற்கே பாளையம் இறங்கியிருந்தவர் ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட். ஒரே நாளில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் ஆயிரம் பேர் அளவுக்குச் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். ஐரோப்பாவில் அந்த வருடம் ஜனவரியிலேயே இரண்டு நாடுகளும் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கப்பலில் சேதி வந்து சேர்வதற்குள் இங்கே இத்தனை உயிர். புதுச்சேரியில் புஸ்ஸி வீதியில் தினமும் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் ஆரம்பிக்கிறவருக்கு 1783 வேண்டாம். அதற்கு நூறு பேராவது வேண்டும். என்னைக் கேட்டால் 1748 ஜூன் மாதத்து இரவைச் சொல்வேன். பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடிக்க வருகிறது என்று தெரிந்ததும், ஆங்கிலேயப் படைத் தலைவர் மேஜர் லாரன்ஸ் பட்டப்பகலில் ஊரிலிருந்த படையையும் பீரங்கிகளையும் கோட்டைக்கு எடுத்துப் போகச் சொன்னார். ஊரைக் காக்க முடியாது என்று கைவிட்டது போல ஒரு தோற்றம். ஊருக்குள் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சேதி சொல்கிறவர்கள் இருந்தார்கள், அவர்கள் வழியே அது அங்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். இருட்டியதும் சத்தமில்லாமல் படையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். நடுராத்திரி ஏணியோடு வந்த பிரெஞ்சுப் படை மதிலைத் தொட்டபோது மேலே துப்பாக்கிகள் காத்திருந்தன.

இதில் சண்டை கொஞ்ச நேரம்தான். பாரம் தூக்கியதுதான் அந்த நாள் முழுக்க நடந்த வேலை. பீரங்கியை இழுத்தது யார்? வெடிமருந்துப் பீப்பாயைத் தோளில் சுமந்தது யார்? இரவில் வழி தெரிந்து முன்னால் நடந்தது யார்? எல்லாம் நம் ஆட்கள். ஐந்து பேர் இருந்தாலும் அந்த நாளைக் காட்ட முடியும். அதிகாரி வேடத்துக்குப் பின்னால் நிற்க ஒரு படை வேண்டும். சுமை தூக்குகிற லஸ்கருக்கு ஒரு கயிறு போதும்.

*

ஊசிநூல் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். 20 வருடமாகத் தையல் வேலை, பள்ளிக்கூட நாடகம், நாட்டிய உடை எல்லாம் தைத்துக் கொடுப்பேன். உடுப்பு பற்றி மட்டும் சொல்கிறேன்.

சிவப்புக் கோட்டு கம்பளித் துணி. நம் ஊர்க் கடையில் கிடைக்கிற சிவப்பு டெரிகாட்டனில் தைத்தால் வெயிலில் பளபளவென்று மின்னும், கல்யாண பேண்டு வாத்தியக்காரர் போலத் தெரியும். நல்ல கம்பளியில் தைத்தால் முதல் தடவையே பெரிய செலவு. அதை இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1748க்குக் கோட்டே வேண்டாம். அந்த ஆரம்ப வருடங்களில் கும்பெனிக்குச் சண்டை போட்ட நம் ஊர் ஆட்கள் பெரும்பாலும் சொந்த உடுப்பில்தான் இருந்தார்கள். ஈட்டி, வாள், கேடயம், திரித் துப்பாக்கி என்று கையில் கிடைத்ததோடு வந்தவர்கள். அதனால் உங்களுக்கு வேண்டியது காடா துணி. கஞ்சி போட்ட, வெளுக்காத துணியாகக் கேட்டு வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை நனைத்து வெயிலில் காயப் போடுங்கள். சுருங்கும், நன்றாகவே சுருங்கும். நனைக்காமல் தைத்து முதல் சலவையில் இடுப்பில் ஏறாமல் போன உடுப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

முழங்காலுக்கு மேல் நிற்கிற சல்லடம், அதாவது அரைக்கால் சட்டை, இடுப்பில் நாடா. எலாஸ்டிக் போடாதீர்கள், ஜிப் போடாதீர்கள். உள்தையல் மிஷினில் ஓடட்டும், வெளியே தெரிகிற ஓரம் எல்லாம் கைத்தையல். மிஷின் தையல் ஒரே அளவாக ஓடும், கை அப்படி ஓடாது. பக்கத்தில் நிற்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும். முண்டாசுக்குக் குறைந்தது ஐந்து மீட்டர். நீலம் வேண்டும் என்றால் அவுரிச் சாயத்தில் தோய்த்தது தேடுங்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி இன்னும் பயிராகிறது, புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போனதும் அந்த நீலத் துணிதான். சிவப்புக்கு அந்தக் காலத்தில் சாயவேர். ஆகவே நிறம் தேடி வெளியூர் போக வேண்டாம்.

காலுக்கு வெறும் கால், இல்லையென்றால் தைக்கிறவரிடம் சொல்லிச் செய்த தோல் செருப்பு. ரப்பர் அடி கூடாது.

*

பழைய பட்டாளம் எழுதியது:

நான் மதராஸ் ரெஜிமெண்டில் 17 வருடம் இருந்தவன். வெலிங்டனில் பயிற்சி. எங்கள் ரெஜிமெண்ட் தன் வயதை 1758 முதல் கணக்கு வைத்திருக்கிறது, அதற்குப் பத்து வருடம் முன்னால் நடந்ததுதான் முதுநகர்வாசி சொன்ன அந்த இரவு. அதனால் இந்த இழை எனக்குச் சொந்தக் கதை மாதிரி.

தம்பி துப்பாக்கி கேட்டிருக்கிறார். அந்தக் காலத்து ஆங்கிலேயத் துப்பாக்கி, பிரவுன் பெஸ் என்பார்கள், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, எடை நாலரை கிலோவுக்கு மேல். தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைத் துப்பாக்கியின் பக்கத்தில் உள்ள சின்னக் கிண்ணியில் போட்டு மூட வேண்டும். மீதியைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே தள்ளி, இரும்புக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். கம்பியை எடுத்து இடத்தில் செருகி, குதிரையைப் பின்னுக்கு இழுத்து, பிறகுதான் சுட முடியும். பழகிய ஆள் நிமிடத்துக்கு மூன்று தடவை இதைச் செய்வான். பக்கத்து ஆள் அலறிக்கொண்டு விழும்போதும் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் கவாத்து.

இதைப் பழக உங்களுக்குத் துப்பாக்கி தேவையில்லை. வீட்டில் உலக்கை இருக்கிறதா? நீளம் கிட்டத்தட்ட அதே அளவு, பூண் போட்ட மர உலக்கை கையில் நல்ல கனம் கனக்கும். தினமும் காலையில் 20 நிமிடம் தோளில் வைத்து நில்லுங்கள், நடங்கள், இறக்குங்கள். மூன்றாம் நாள் தோள்பட்டையில் ஒரு இடம் கன்றிப் போகும். அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். 1748இல் நின்றவனுக்கும் அதே இடத்தில்தான் வலித்திருக்கும். எந்தப் புத்தகமும் இதைக் கற்றுக்கொடுக்காது.

அப்புறம் ஒன்று. தண்ணீர். ஜூன் மாதக் கடலூர் வெயில் யாருக்கும் பாவம் பார்க்காது. வேடம் கெட்டுவிடும் என்று தண்ணீர் குடிக்காமல் நிற்கிற வேலை வேண்டாம். ஒருவருக்குத் தலை சுற்றினால் நிகழ்ச்சி அங்கேயே நிற்க வேண்டும், நிழலுக்குத் தூக்கிப் போக வேண்டும். இதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

*

பாகூர்ஏரி எழுதியது:

எல்லோரும் உற்சாகமாக எழுதுகிறீர்கள், ஆனால் என் மனதில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். கும்பெனிக்காரன் வேடத்தை நாம் ஏன் கட்ட வேண்டும்? எங்கள் பாகூர்ப் பக்கம் 1752இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். பயிர் யாருடையது? ஏரி யாருடையது? அடித்துக்கொண்டது அவர்கள், அழிந்தது நாம். வெளிநாட்டுக்காரன் தன் சொந்தப் போரை நடத்திக் காட்டுகிறான். நாம் நம்மை அடக்கி ஆண்டவர்களின் போரைக் கொண்டாடுவதா?

*

முதுநகர்வாசி எழுதியது:

நியாயமான கேள்வி. கொண்டாட வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சி. ஆனால் அது அவர்கள் போர் மட்டும்தானா? இரண்டு பக்கமும் நின்றவர்களில் பெரும்பகுதி நம் சிப்பாய்கள். ஒரே தாலுகாக்காரர்கள் எதிர் எதிரே நின்றிருப்பார்கள். அதிகாரிகளின் பெயரை எழுதி வைத்தார்கள், இவர்கள் பெயரை யாரும் எழுதவில்லை. நாமும் வேடம் கட்ட மாட்டோம் என்றால், அந்தக் களத்தில் வெள்ளைக்காரர் மட்டும்தான் இருந்தார் என்றே நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

*

பழைய பட்டாளம் எழுதியது:

பாகூர் நண்பருக்கு இன்னொன்றும் சொல்கிறேன். உடுப்பு சின்ன விஷயம் இல்லை. 1805 நவம்பரில் மதராஸ் படைக்குப் புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு போட்டார்கள். 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தத் தலைப்பாகையை உங்கள் தலையில் வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சிப்பாய்க்கு ஏன் கோபம் வந்தது என்று விளங்கும். அதையும் ஒரு நாள் நடத்திக் காட்டலாம், நான் வருகிறேன்.

*

கட்டியங்காரன் எழுதியது:

நான் தெருக்கூத்துக் குடும்பம். ஒரு விஷயத்தில் உங்கள் எல்லோரிடமும் உரிமையோடு மாறுபடுகிறேன். இது வெளிநாட்டுப் பழக்கம், நம் ஊரில் யாரும் செய்வதில்லை என்று முதல் பதிவில் இருக்கிறது. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, ராத்திரி ராத்திரி கூத்தாடி, கடைசியில் படுகளம் போடுகிறோமே, அது என்ன? மண்ணால் துரியோதனனை ஆள் உயரத்துக்கு மேல் பல மடங்கு படுக்க வைத்து, தொடையை அடித்து, ஊரே சுற்றி நின்று அழுகிறது. போரை அதே மண்ணில் திரும்ப நடத்துவது நமக்குப் பாட்டன் சொத்து.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. கூத்தில் கிரீடமும் புஜகட்டையும் மின்ன வேண்டும், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். நீங்கள் செய்யப் போவதில் மின்னவே கூடாது, இருந்தது இருந்தபடி வேண்டும். ஆனால் வேடம் கட்டுகிறவன் மனசு ஒன்றுதான். நாங்கள் முகத்தில் அரிதாரம் பூசும்போதே பேச்சைக் குறைத்துவிடுவோம். நீங்களும் முண்டாசு கட்டத் தொடங்கியதும் கைபேசியை ஒரு பெட்டியில் போட்டு மூடுங்கள். அரை மணி நேரம் கழித்து ஆளே வேறு மாதிரி நிற்பார்.

பேச்சுக்கு ஒரு யோசனை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது, 1736 முதல் 1761 வரை. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் அன்றன்று கேட்டதையும் பார்த்ததையும் எழுதியது. ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்திருக்கிறது, இருந்தாலும் தமிழில் படியுங்கள். அந்தக் காலத்தில் ஒருவர் எப்படிப் பேசினார், எதற்கு என்ன பெயர் சொன்னார் என்பது அதில் கிடைப்பது போல வேறு எங்கும் கிடைக்காது. தினம் இரண்டு பக்கம், வாய்விட்டுப் படியுங்கள்.

*

கோர்ட்டுவாசல் எழுதியது:

யாரும் சட்டத்தைத் தொடவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். வக்கீல் அலுவலகத்தில் வேலை.

குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கியாக இருந்தாலும் சுடக்கூடியதாக இருந்தால் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். கறுப்பு வெடிமருந்துக்கு வெடிபொருள் சட்டம் தனி. தீபாவளிப் பட்டாசைப் பிரித்து மருந்தெடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். விரல் போகும். முழுக்க மரத்தில், குழல் உட்பட மரத்தில் செய்த மாதிரி போதும். இரும்புக் குழாய் வைத்துச் செய்யவே செய்யாதீர்கள், சோதனையில் பிடிபட்டால் விளக்கம் சொல்லி மாளாது. மர மாதிரியையும் துணி சுற்றித்தான் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். நிகழ்ச்சிக்கு முன் உங்கள் எல்லைக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கடலூரும் புதுச்சேரியும் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு அரசு, வேறு போலீஸ். இரண்டு பக்கமும் போவதானால் இரண்டு கடிதம்.

இன்றைய ராணுவச் சீருடை போல எதையும் போடாதீர்கள். ராணுவத்தான் என்று நம்ப வைக்கும்படி உடுத்துவது குற்றம், பழைய தண்டனைச் சட்டத்தில் 140, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 168. 18ஆம் நூற்றாண்டுச் சல்லடத்துக்கு இந்தப் பிரச்சினை வராது. செஞ்சிக் கோட்டை மாதிரித் தொல்லியல் துறையின் கையில் உள்ள இடங்களில் முன் அனுமதி இல்லாமல் எதுவும் கூடாது.

*

ஊசிநூல் எழுதியது:

பெண்கள் பற்றி யாரும் பேசவில்லையே. படை போகிற இடத்துக்கெல்லாம் குடும்பமும் போனது. சமைத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், காயத்துக்குத் துணி கிழித்துக் கட்டியவர்கள். நான் வந்தால் அந்த இடத்தில்தான் உட்காருவேன். மூன்று கல் அடுப்பு, மண் சட்டி, கேழ்வரகுக் கூழ், புளிக் குழம்பு. தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. பார்க்க வருகிற பிள்ளைகள் துப்பாக்கியை விட அடுப்பைத்தான் அதிகம் கேட்பார்கள், நாடக மேடைக்குப் பின்னால் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

*

சொல்தாபேரன் எழுதியது:

என் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், புதுச்சேரியில் எங்களைச் சொல்தா வீடு என்பார்கள், சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். ஜூலை 14 காலையில் கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்கு மெடல் குத்திக்கொண்டு வருகிற பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக வருகிறவர்கள் ஒரு தடவையாவது அங்கே போய் ஓரமாக நின்று பாருங்கள். 80 வயதுக்காரர் நிமிர்ந்து நிற்கிற நிலையைப் பார்த்தால் கவாத்து என்பது உடம்பில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்று தெரியும். 1748இல் பிரெஞ்சுப் பக்கம் ஏணி தூக்க ஆள் வேண்டுமல்லவா? நான் தயார். எனக்கும் காடா துணிதானே?

*

ஊசிநூல் எழுதியது:

ஆமாம் தம்பி, அதே துணிதான். அந்த இருட்டில் உங்களுக்கும் அவர்களுக்கும் உடுப்பில் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

*

கெடிலக்கரை எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

பதில் போடத் தாமதம், மன்னிக்கவும். செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அதிகாரி ஆசையை விட்டுவிட்டேன். லஸ்கர். காடா துணி, நாடா, நூல், செருப்பு எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய் ஆனது. ஊசிநூல் அக்கா சொன்னபடி இரண்டு தடவை நனைத்தேன், ஒரு மீட்டருக்கு நாலு விரல் சுருங்கியது. சல்லடத்தின் ஓரத்தைக் கையால் தைக்க ஆறு ராத்திரி ஆனது. முதல் ராத்திரித் தையலும் கடைசி ராத்திரித் தையலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, பிரிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு விடியற்காலை நான், கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர், சொல்தாபேரன், மொத்தம் நாலு பேர் முதுநகரிலிருந்து தேவனாம்பட்டினம் வரை நடந்தோம். காவல் நிலையத்தில் முன்தினமே கடிதம் கொடுத்திருந்தேன். ஆயுதம் எதுவும் இல்லை. ஒரு பனங்கட்டையில் மணல் நிரப்பிய சாக்கைக் கட்டி மாற்றி மாற்றிச் சுமந்தோம், 40 கிலோ இருக்கும். பாதி வழியிலேயே பேச்சு நின்றுவிட்டது. கயிறு தோளில் எங்கே உட்கார்ந்தால் அறுக்காது, முண்டாசைப் பிரித்துச் சும்மாடாக மடித்தால் எவ்வளவு சுகம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. முண்டாசு எதற்கு ஐந்து மீட்டர் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, ஷூட்டிங்கா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். லாரன்ஸ், டூப்ளே எல்லாம் அவர் காதில் ஏறவில்லை. "பீரங்கியை மணல்ல எப்படிய்யா இழுத்தாங்க?" என்றுதான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மீனவர் ஒருவர், படகை ஏற்றுவது போலக் கட்டை போட்டு உருட்டியிருப்பார்கள் என்றார், கட்டையை எப்படி மாற்றி மாற்றி முன்னால் வைப்பது என்று கையாலேயே காட்டினார். முதுநகர்வாசி ஐயா, இது சரியாக இருக்குமா?

*

முதுநகர்வாசி எழுதியது:

உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன் தம்பி. பீரங்கிக்குச் சக்கர வண்டி உண்டு, ஆனால் மணலில் சக்கரம் புதையும். பலகையோ கட்டையோ போடாமல் நகர்ந்திருக்காது. அந்த மீனவரை அடுத்த தடவை கூப்பிடுங்கள். கரையில் பாரம் நகர்த்துகிற வேலையை அவரைப் போன்றவர்களிடம்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

*

பாகூர்ஏரி எழுதியது:

அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன். ஆனால் நான் சிப்பாய் இல்லை, லஸ்கரும் இல்லை. வயலைத் தாண்டிப் படை போகும்போது வரப்பில் நின்று பார்த்த குடியானவன். அப்படி ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாமா?

*

கெடிலக்கரை எழுதியது:

அவசியம் வாருங்கள் அண்ணா. காலை ஐந்தரைக்கு முதுநகரில் சந்திப்போம், வெயிலுக்கு முன் கடற்கரைக்குப் போய்விடலாம். இரண்டு பானை தண்ணீர் என் பொறுப்பு. உலக்கை உள்ளவர்கள் கொண்டுவாருங்கள், பழைய பட்டாளம் ஐயா அன்று கவாத்து சொல்லித் தருகிறார்.